செட்டர் நாய்கள்: ஒரே பெயர், வேறு வேறு கால்வழிகள்

நாய்களைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் இனத்தின் பெயரோடு நின்றுவிடுகிறோம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயரைச் சொன்னால் போதும், கேட்பவருக்கு ஓர் உருவம் கிடைத்துவிடும். ஆனால் வட அமெரிக்காவில் பறவை வேட்டைக்குப் போகிறவர்களிடம் 'செட்டர் வைத்திருக்கிறேன்' என்று மட்டும் சொன்னால் பேச்சு அங்கே முடிவதில்லை. 'எந்த வழி?' என்பது அடுத்த கேள்வியாக வரும். லுவெல்லினா, ரைமனா, களப்போட்டி வழியா, கண்காட்சி வழியா, சிவப்பா, கறுப்பா? ஒரே பெயரின் கீழ் இத்தனை நாய்கள் எப்படி வந்தன, அவை ஒன்றிலிருந்து ஒன்று எப்படி வேறுபடுகின்றன என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் வேட்டைக்காரன் அல்லன். துப்பாக்கி பிடித்ததும் இல்லை. மிச்சிகன் மாநிலத்தில் குடியிருப்பவன். இலையுதிர் காலத்தில் பக்கத்து வீட்டுக்காரரோடும் அவருடைய நாயோடும் வடக்கே காட்டுக்குள் நடக்கப் போகிறவன். பறவையைச் சுடுவதில் எனக்கு உடன்பாடில்லை என்பது அவருக்குத் தெரியும். ஆனால் அந்த நாய் வேலை செய்வதைப் பார்ப்பதில் எனக்குள்ள ஆசையும் அவருக்குத் தெரியும். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு வேட்டை என்ற சொல்லே நம்மில் பலருக்குக் குற்றத்தின் வாடையோடுதான் வருகிறது. அந்தத் தயக்கத்தோடு படிப்பவர்களும் இதை ஒரு விலங்கின் கதையாகப் படிக்கலாம்.

நம் பழம்பாடல்களில் பறவைகளுக்குக் குறைவில்லை. காடைக்குக் குறும்பூழ் என்று பெயர் உண்டு. இதல் உண்டு, சிவல் உண்டு. வலையும் கண்ணியும் உண்டு. நாய்க்கும் ஞமலி, ஞாளி என்று பெயர்கள் உண்டு. ஆனால் நம் மண்ணின் பேர்பெற்ற வேட்டை நாய்களில் சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் கண்டு, காலால் துரத்தி, வாயால் பிடிப்பவை. முயலின் பின்னே ஓடும் ஓட்டம்தான் அவற்றின் பெருமை. பறவையைக் கண்டுபிடித்துவிட்டு அதைத் துரத்தாமல் அப்படியே நின்றுவிடுகிற நாய் நமக்குப் புதிது. செட்டரைப் புரிந்துகொள்ள அந்த நிறுத்தத்தில் இருந்துதான் தொடங்க வேண்டும்.

பெயர் வந்த கதை

இங்கிலாந்தில் துப்பாக்கி பரவலாகும் முன்பே இந்த வேலைக்கு நாய் இருந்தது. ஜான் கெய்யஸ் என்ற மருத்துவர் 1570இல் இங்கிலாந்தின் நாய்களைப் பற்றி லத்தீனில் ஒரு சிறு நூல் எழுதினார். 1576இல் அது ஆங்கிலத்தில் வந்தது. பறவையின் மோப்பம் கிடைத்ததும் குரைக்காமல், வயிற்றைத் தரையில் ஒட்டிப் பதுங்கிவிடும் ஒரு நாயை அவர் அதில் விவரிக்கிறார். நாய் பதுங்கியதும் வேட்டைக்காரர்கள் பறவைகள் இருக்கும் இடத்தின்மேல் வலையை விரித்து இழுப்பார்கள். நாய் நிமிர்ந்து நின்றால் வலை அதன்மேல் தடுக்கும். ஆகவே அது படுத்தாக வேண்டும். இப்படிப் பதுங்கி அமர்வதிலிருந்துதான் செட்டர் என்ற பெயர் வந்தது. ஸ்பானியல் வகை நாய்களிலிருந்து பிரித்தெடுத்துப் பழக்கப்பட்டவை இவை.

பிறகு பறக்கும் பறவையைச் சுடும் துப்பாக்கி வந்தது, வலை போயிற்று. படுப்பதற்குப் பதிலாக நின்று காட்டும் நாயை விரும்பத் தொடங்கினார்கள், புதருக்கு மேல் தெரிய வேண்டுமல்லவா? இருந்தாலும் பழைய வழக்கம் முற்றிலும் போகவில்லை. இன்றும் சில செட்டர்கள் மோப்பம் பிடித்ததும் முன்னங்கால்களை மடக்கித் தாழ்ந்து நிற்கும். நானூறு ஆண்டுகளுக்கு முன் விரித்த வலை இன்னும் அவற்றின் முதுகுக்குமேல் இருப்பதைப்போல் எனக்குத் தோன்றும்.

பிளவு தொடங்கிய இடத்தையும் இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. முறையாக நடந்த முதல் நாய்க் கண்காட்சி 1859இல் நியூகாசில் நகரில் நடந்தது. அதில் பாயிண்டர், செட்டர் என்ற இரண்டு வகைகளுக்கு மட்டுமே இடம். ஆறு ஆண்டுகள் கழித்து, 1865இல், பெட்ஃபோர்ட்ஷயரில் சவுத்ஹில் என்ற ஊரில் முதல் களப்போட்டி நடந்தது. கண்காட்சியில் நாயின் தோற்றத்துக்குப் பரிசு. களத்தில் அதன் வேலைக்குப் பரிசு. ஒரே நாய் இரண்டையும் வெல்ல முடியும் என்றுதான் அப்போது நம்பினார்கள். அந்த நம்பிக்கை அதிக நாள் நிலைக்கவில்லை.

லாவெராக்கும் லுவெல்லினும்

இன்றைய இங்கிலீஷ் செட்டரின் முன்னோடி எட்வர்ட் லாவெராக். 1825இல் கார்லைல் பகுதியில் ஹாரிசன் என்ற பாதிரியாரிடமிருந்து பான்ட்டோ, ஓல்ட் மால் என்ற இரண்டு நாய்களை வாங்கினார். அந்த இரண்டையும் அடியாக வைத்து, ஏறக்குறைய ஐம்பது ஆண்டுகள் உறவுக்குள்ளேயே இணைசேர்த்து ஒரு வழியை உண்டாக்கியதாகச் சொன்னார். வெளிரத்தமே கலக்கவில்லை என்ற அவருடைய கணக்கைப் பின்னால் வந்தவர்கள் முழுதும் நம்பவில்லை. ஆனால் அவர் உருவாக்கிய நாய்களின் அழகை யாரும் மறுக்கவில்லை. வெள்ளை உடலில் நீலமோ ஆரஞ்சோ தூவியதைப்போன்ற புள்ளிகளை 'பெல்டன்' என்கிறார்கள். நார்தம்பர்லாந்தில் உள்ள ஒரு சிற்றூரின் பெயர் அது. அதை நாயின் நிறத்துக்குப் பெயராக்கியவர் லாவெராக். 1872இல் அவர் செட்டர் பற்றி எழுதிய நூலை ரிச்சர்ட் பர்செல் லுவெல்லின் என்பவருக்குக் காணிக்கையாக்கினார்.

அந்த லுவெல்லின்தான் அடுத்த படி. வேல்ஸ் நாட்டைச் சேர்ந்த செல்வந்தர். லாவெராக்கின் நாய்களை வாங்கி, வட இங்கிலாந்தில் களத்தில் பேர்பெற்ற டியூக், ரோபி என்ற இரு நாய்களின் வழியோடு கலந்தார். லாவெராக் வழியில் தோற்றம் இருந்தது. மற்ற வழியில் வேகமும் உழைப்பும் இருந்தன. இரண்டும் சேர்ந்ததும் களப்போட்டிகளில் அவருடைய நாய்கள் வெல்லத் தொடங்கின.

1870களிலும் 80களிலும் இந்த நாய்கள் கப்பலேறி அமெரிக்கா வந்தன. அமெரிக்காவின் முதல் களப்போட்டி 1874இல் டென்னசியில் மெம்பிஸ் நகருக்கு அருகே நடந்திருந்தது. வந்தவற்றுள் புகழ்பெற்றது கௌன்ட் நோபிள். 1880இல் வந்து 1891இல் இறந்த இந்த நாயின் பாடம் செய்த உடல் பிட்ஸ்பர்கில் உள்ள கார்னெகி அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் வைக்கப்பட்டிருந்தது. இன்று அமெரிக்காவில் ஓடும் களவழிச் செட்டர்களின் வம்சாவளியைப் பின்னோக்கிப் புரட்டினால் பெரும்பாலும் இந்தப் பெயரில் போய் முட்டிக்கொள்ளலாம்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். சிறிய உடலும் வெள்ளை நிறமும் உள்ள எந்த வேட்டைச் செட்டரையும் லுவெல்லின் என்று அழைக்கும் பழக்கம் அமெரிக்க நாட்டுப்புறங்களில் உண்டு. அது சரியன்று. லுவெல்லினின் நாய்கள் வரை கலப்பில்லாமல் போகும் வம்சாவளி உள்ளவற்றுக்கே அப்பெயர் பொருந்தும். அமெரிக்காவில் 'ஃபீல்ட் டாக் ஸ்டட் புக்' என்ற பதிவேடு இவற்றைத் தனியாகவே பதிந்து வருகிறது.

களப்போட்டியும் ரைமனும்

டென்னசியில் கிராண்ட் ஜங்ஷன் என்ற சிற்றூரில் நடக்கும் தேசியப் பறவைநாய்ச் சாம்பியன் போட்டி 1896இல் தொடங்கியது. நாய் மூன்று மணிநேரம் இடைவிடாமல் ஓடித் தேட வேண்டும். நடுவர்கள் குதிரையில் பின்தொடர்வார்கள். தொடக்கத்தில் செட்டர்களே வென்றன. பின்னர் குட்டை மயிர் கொண்ட பாயிண்டர் முந்திக்கொண்டது. தெற்கின் வெயிலில் நீண்ட மயிரோடு மூன்று மணிநேரம் ஓடுவது எளிதல்ல. 1970இல் ஜானி கிராக்கெட் என்ற செட்டர் வென்றது. அடுத்த செட்டர் வெற்றிக்கு 2013 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஷேடோ ஓக் போ என்ற அந்த நாய் 2014இலும் மீண்டும் வென்றது.

இப்போட்டிகளுக்காகவே வளர்த்த வழி ஒன்று இருக்கிறது. எடை 18 முதல் 23 கிலோ இருக்கும், ஒல்லியான உடல், வால் கம்பம்போல் வானை நோக்கி நிற்கும். குதிரைமேல் இருப்பவருக்கு அரை மைல் தள்ளியும் தெரிய வேண்டுமே! ஆனால் அடர்ந்த காட்டில் கால்நடையாகப் போகிறவருக்கு அரை மைல் தள்ளி ஓடும் நாயால் என்ன பயன்?

இதற்கு மாற்றாக வந்ததே ரைமன் வழி. பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஜார்ஜ் ரைமன், இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், நடந்து வேட்டையாடுகிறவருக்கென்றே ஒரு செட்டரை வளர்த்தெடுத்தார். கண்காட்சி வழியின் உடலும் தலையும் களவழியின் மூக்கும் அதில் கலந்திருந்தன. உருவம் பெரிது, நடை நிதானம். நாய் ஆளைவிட்டு வெகுதூரம் போகாது. ரைமனின் நாய்களை அடியாகக் கொண்டு மேற்கு வர்ஜினியாவில் எழுத்தாளர் ஜார்ஜ் பேர்ட் எவன்ஸ் 'ஓல்ட் ஹெம்லாக்' என்ற வழியை உண்டாக்கினார். 1971இல் வந்த 'அப்லேண்ட் ஷூட்டிங் லைஃப்' என்ற அவருடைய நூல் இவ்வகை நாய்களுக்கு ஒரு வாசகர் கூட்டத்தையே தேடித் தந்தது. லுவெல்லினைப் போல இதற்குத் தனிப் பதிவேடு கிடையாது. ரைமன் வகை என்பது வளர்ப்பவர்களின் நாணயத்தை நம்பி வாழும் ஒரு பெயர்.

சிவப்பும் கறுப்பும்

அயர்லாந்தில் முதலில் வெள்ளையில் சிவப்புத் திட்டுகள் கொண்ட செட்டரே பரவலாக இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்காட்சிகள் முழுச்சிவப்பை விரும்பின. சிவப்பு-வெள்ளை நாய் மெல்ல மறைந்து அழிவின் விளிம்புவரை போயிற்று. 1920களிலிருந்து அயர்லாந்தில் ஒரு பாதிரியாரும் வேறு சிலரும் எடுத்த முயற்சியால்தான் அது பிழைத்தது.

சிவப்பு நாய்க்கு நேர்ந்தது வேறு வகைத் துன்பம். அதன் அழகே அதற்குப் பகையாயிற்று. 1945இல் ஜிம் கேல்கார்ட் எழுதிய 'பிக் ரெட்' என்ற சிறுவர் நாவலும், அதை ஒட்டி 1962இல் டிஸ்னி எடுத்த படமும் வந்தன. அதிபர் நிக்சன் வெள்ளை மாளிகையில் வளர்த்ததும் ஓர் ஐரிஷ் செட்டர்தான். 1960களின் தொடக்கத்தில் அமெரிக்கக் கென்னல் கிளப்பில் ஆண்டுக்குச் சில ஆயிரமாக இருந்த பதிவு, 1970களின் நடுவில் அறுபதாயிரத்தைத் தாண்டியது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதே வேகத்தில் இறங்கியும் விட்டது. அதற்குள் 'அழகு உண்டு, அறிவில்லை' என்ற பெயர் அந்த நாய்க்கு ஒட்டிக்கொண்டது.

இதற்கு முன்பே நிலைமையை உணர்ந்தவர்கள் இருந்தார்கள். பென்சில்வேனியாவைச் சேர்ந்த நெட் லிகிராண்ட் என்பவரும் அவருடைய நண்பர்களும் 1950களின் தொடக்கத்தில், வேலைத்திறன் எஞ்சியிருந்த சிவப்பு நாய்களைத் தேடிச் சேர்த்தார்கள். களப்போட்டியில் வென்ற இங்கிலீஷ் செட்டர் வழியின் இரத்தத்தை அவற்றோடு வெளிப்படையாகவே கலந்தார்கள். ஃபீல்ட் டாக் ஸ்டட் புக் அதை ஏற்றுக்கொண்டது. அப்படிப் பிறந்தது 'ரெட் செட்டர்' என்று வேட்டைக்காரர்கள் சொல்லும் நாய். கண்காட்சி ஐரிஷ் செட்டர் 30 கிலோவை நெருங்கும். இதுவோ 20 கிலோ அளவில் இருக்கும். நிறம் சற்று மங்கல், மயிர் குறைவு, கால் வேகம். கலப்பை ஏற்காத ஐரிஷ் செட்டர் சங்கம் எதிர்த்தது. 1975இல் அமெரிக்கக் கென்னல் கிளப் அந்தப் பதிவேட்டு நாய்களுக்குத் தன் கதவை மூடியது. ஒரே நாய்க்கு இரண்டு வீடுகள், நடுவே சுவர்.

கறுப்பில் செம்பழுப்பு கலந்த கார்டன் செட்டர் ஸ்காட்லாந்துக்காரர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் பத்தொன்பதின் தொடக்கத்திலும் வாழ்ந்த நான்காம் கார்டன் பிரபுவின் பெயரால் வழங்குகிறது. செட்டர்களில் கனமானது; ஆண் நாய் 36 கிலோ வரை வரும். வேகம் குறைவு, பொறுமை அதிகம். ஓர் ஆளையே ஒட்டிக்கொள்ளும் குணம். ஒரு குறையும் உண்டு: நிழல் படிந்த காட்டில் கறுப்பு நாய் நின்றுவிட்டால் எங்கே நிற்கிறது என்று தெரியாது.

எந்தப் பறவைக்கு எந்த நாய்?

நாய்களை ஒப்பிட வேண்டுமானால் பறவையிலிருந்துதான் தொடங்க வேண்டும். இதை எனக்குக் கற்றுத் தந்தவர் பக்கத்து வீட்டுக்காரர்தான்.

பாப்வைட் என்ற தென்மாநிலக் காடை கூட்டமாக வாழும். நாய் நின்றால் பதுங்கியபடியே இருக்கும். திறந்த வெளியில் கூட்டங்கள் தொலைவு தொலைவாக இருப்பதால் தூரம் ஓடும் நாய் வேண்டும். அது களப்போட்டி வழிக்கு ஏற்ற இடம். ஃபெசன்ட் நின்று காட்டும் நாய்க்குக் கட்டுப்படாது. தரையில் ஓடித் தப்பிவிடும். நாய் அடிக்கடி இடம் மாறி மீண்டும் நிற்கப் பழக வேண்டும். வுட்காக் உள்ளான் வகைப் பறவை. நீண்ட அலகால் ஈரமண்ணில் புழு தேடும். காலடியில் வரும்வரை அசையாது. எந்த நிதானமான செட்டருக்கும் நல்ல ஆசிரியன்.

எல்லாவற்றிலும் கடினமானது ரஃப்டு க்ரௌஸ். பென்சில்வேனியாவின் மாநிலப் பறவை. மிச்சிகனின் இளம் ஆஸ்பென் காடுகளிலும் வாழ்வது. நாய் ஓரடி கூடுதலாக நெருங்கினாலும் இடிபோலச் சிறகடித்துப் பறந்துவிடும். ஆகவே மோப்பத்தின் முதல் இழையிலேயே, தொலைவிலேயே நாய் நின்றுவிட வேண்டும். நல்ல மூக்கு மட்டும் போதாது, தன்னடக்கமும் வேண்டும். ரைமன் வகை நாய்களும், நிதானமான லுவெல்லின் நாய்களும் பெயர் வாங்குவது இந்தக் காட்டில்தான்.

அடர்ந்த காட்டில் நாய் கண்ணுக்குத் தெரியாது. கழுத்தில் ஒரு மணி கட்டியிருக்கும். மணி ஒலிக்கும்வரை நாய் தேடுகிறது. மணி நின்றால் நாய் பறவையைக் கண்டுவிட்டது. இப்போது பலர் செயற்கைக்கோள் வழியே இடம் காட்டும் கழுத்துப்பட்டை போடுகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் இரண்டையும் போடுவார். கையிலுள்ள கருவியைப் பார்க்கமாட்டார், மணியைத்தான் கேட்பார்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் அவருடைய பழைய நாய் இறந்தது. அவருக்கு வயது எழுபத்தொன்று; முழங்கால் வலி உண்டு. புதிய குட்டிக்காக ஒரு குளிர்காலம் முழுவதும் யோசித்தார். நாய் பன்னிரண்டு, பதின்மூன்று ஆண்டுகள் வாழும். தன்னால் காட்டில் நடக்க முடிகிற ஆண்டுகளை எண்ணிப் பார்த்தார். இதுதான் கடைசி நாய் என்று அவர் சொன்னபோது அதில் வருத்தம் தெரியவில்லை, கணக்கு மட்டுமே தெரிந்தது. ரெட் செட்டரின் வேகத்தின்மேல் அவருக்கு வாழ்நாள் முழுதும் ஆசை. லுவெல்லின் குட்டிகளையும் போய்ப் பார்த்தார். கடைசியில் ரைமன் வகையில் ஆரஞ்சு பெல்டன் பெண்குட்டி ஒன்றை எடுத்தார். காரணம் கேட்டேன். குட்டிகளின் தாய் காட்டில் வேலை செய்ததை அரைநாள் பார்த்ததாகவும், அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பி ஆளைத் தேடியதாகவும் சொன்னார். 'எனக்கு வேண்டியது அந்தத் திரும்பிப் பார்க்கும் பார்வைதான்' என்றார்.

தாளில் இருப்பதும் காட்டில் இருப்பதும்

இத்தனை வழிகளில் எது உயர்ந்தது என்று கேட்டால், பொதுவாகச் சொல்ல விடையில்லை. குதிரையும் பரந்த வெளியும் உள்ளவருக்குக் களப்போட்டி வழி. நடக்கிறவருக்கு லுவெல்லின், முதிர்ந்தவருக்கும் அடர்காட்டுக்கும் ரைமன். வேகமும் சிவப்பும் வேண்டுவோர்க்கு ரெட் செட்டர், பொறுமைசாலிக்குக் கார்டன். ஒவ்வொரு வழியிலும் நல்ல நாயும் உண்டு, சோடையும் உண்டு. வழியின் பெயர் ஓர் எதிர்பார்ப்பைத் தருகிறதே தவிர, உறுதிமொழியைத் தருவதில்லை.

ஆனால் இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தூய்மையை மட்டும் காத்தவர்கள் சில நேரம் நாயை இழந்தார்கள். ஐரிஷ் செட்டர்களில் பரம்பரையாக வந்த பார்வையிழப்புக்கு ஒரே ஒரு மரபணுவின் பிழையே காரணம் என்று 1993இல் கண்டறியப்பட்டது. நோய் எதிர்ப்பைக் குலைக்கும் இன்னொரு பிழை 1999இல் தெரியவந்தது. மூடிய பதிவேட்டுக்குள் உறவுக்குள்ளேயே இணைசேர்க்கும்போது இத்தகைய பிழைகள் இரண்டு பக்கமிருந்தும் வந்து ஒரு குட்டியில் சேர்கின்றன. இப்போது சோதனைகள் இருப்பதால் அவற்றைத் தவிர்க்க முடிகிறது.

இன்னொரு பக்கமும் உண்டு. தூய்மையைக் காத்தவர்கள் இல்லாவிட்டால் லுவெல்லின் என்ற வழியே இன்று இருந்திருக்காது. சிவப்பு-வெள்ளை நாய் பெயரளவில்கூட மிஞ்சியிருக்காது. இங்கிலீஷ் செட்டர் தான் பிறந்த இங்கிலாந்திலேயே 2012இல் அருகிவரும் நாட்டு இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. ஆண்டுக்கு 300 குட்டிகளுக்குக் குறைவாகப் பதிவாகும் இனங்களுக்கான பட்டியல் அது. அதே நாய் இத்தாலியில் வேட்டைக்காரர்களின் முதல் விருப்பமாக, ஆயிரக்கணக்கில் பிறந்துகொண்டிருக்கிறது. பிறந்த மண்ணில் அருகி, போன மண்ணில் வாழ்கிறது. அங்கே அதற்கு இன்னும் வேலை இருக்கிறது என்பதுதான் காரணம்.

குட்டி வாங்க நினைக்கும் நண்பர்கள் யாரேனும் இதைப் படித்தால், ஒரே ஒரு யோசனை சொல்வேன். வம்சாவளித் தாளைப் பாருங்கள், மரபணுச் சோதனை முடிவுகளைக் கேளுங்கள்; ஆனால் அதோடு நிற்காதீர்கள். அக்டோபரில் ஒரு காலைப்பொழுது, குட்டியின் தாய் காட்டில் வேலை செய்வதைப் போய்ப் பாருங்கள். துப்பாக்கி தேவையில்லை. நாய் எவ்வளவு தூரம் போகிறது, எப்போது நிற்கிறது, நின்றபின் எவ்வளவு நேரம் அசையாமல் இருக்கிறது என்பதை எந்தத் தாளும் சொல்லாது.